ஃபோர்க் இல்லாத வண்டி

தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்த ப்ரூனோ அப்படியே நின்றுவிட்டார்.

அவர் குடோனுக்குள் போனது செயின் பிளாக் எடுக்க. நிட்டிங் மெஷினின் மேல்பாகத்தைக் கழற்றி இறக்க அது வேண்டும். நூல் கோன் பெட்டிகளுக்குப் பின்னால் எங்கேயோ கிடக்கிறது என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். போன ஆளைக் காணோமே என்று டீ டம்ளரோடு பின்னாலேயே போனேன்.

தார்ப்பாயின் ஒரு முனை அவர் கையில் இருந்தது. அடியில் ஒரு மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம். மற்ற வண்டிகளில் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஹேண்டில் பார் வரை போகுமே ஃபோர்க், அது இதில் கிடையாது. சக்கரத்துக்கு மேலே வெறும் காற்று.

"இது எப்படி இங்கே வந்தது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"என் வீட்டுக்காரருடையது" என்றேன்.

டீயை அவர் வாங்கவில்லை. பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பெட்டி அமுங்கியது.

"நான் செய்தது" என்றார்.

ஹாலைக் காலிசெய்த மாதம்

தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், எங்கள் நிட்டிங் யூனிட் பெருமாநல்லூர் ரோட்டில் இருந்தது. வட்டமான பெரிய மெஷின்கள், மேலே குடை மாதிரி நூல் இறங்கும், கீழே பனியன் துணி சுருண்டு விழும். என் கல்யாணத்துக்கு மறு வருஷம் ஆரம்பித்தது. போன வருஷம் மழைக்கு முன்னால் மூடினோம்.

ஏன் மூடினீர்கள் என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். ஆர்டர் குறைந்தது, ஆள் கிடைக்கவில்லை, பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று சொன்னேன். எல்லாமே நிஜம்தான். ஆனால் முதல் காரணம் சோர்வு. ஒரு நாள் காலை அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே "போதும் சரசு" என்றார். நானும் "போதுங்க" என்றேன். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் கந்தசாமி. மெஷின்களை வெளிமாநிலத்துக் கம்பெனி ஒன்று வாங்கியது. சேதமில்லாமல் கழற்றிக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்காக அவர்களே அனுப்பிவைத்த ஆள்தான் ப்ரூனோ. இத்தாலிக்காரர். அறுபதைத் தாண்டிய வயது. எந்த நாட்டில் எந்த மெஷினைப் பூட்டவும் கழற்றவும் கூப்பிட்டாலும் போகிறவர். தமிழில் ஒரே வார்த்தை தெரியும்: "சரிங்க". எதற்கும் அதைத்தான் சொல்வார். சாப்பாடு எப்படி இருக்கிறது என்றாலும் சரிங்க, கரண்ட் போய்விட்டது என்றாலும் சரிங்க.

அவருக்கு உதவிக்கு எங்கள் ஃபிட்டர் அந்தோணி. தூத்துக்குடிப் பக்கத்தில் இருந்து குடும்பத்தோடு வந்து, எங்களிடமே வருஷக்கணக்காக இருந்தவன். மொழிபெயர்ப்புக்கு நான். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதி எழுதிப் பழகிய இங்கிலீஷ் என்னுடையது. மெஷின்களோடு பேசிப் பேசிப் பழகிய இங்கிலீஷ் அவருடையது. இரண்டும் எப்படியோ ஒத்துப்போனது.

ஆந்தை

அந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். பழைய மெஷின் வாங்க என் வீட்டுக்காரர் இத்தாலிக்குப் போனார். மெஷின் காட்டிய ஏஜென்ட், பக்கத்து ஊரில் ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனியை மூடிவிட்டார்கள், மீதியை வாரிப் போடுகிறார்கள், சும்மா வந்து பாருங்கள் என்று கூட்டிப்போயிருக்கிறார். சும்மா பார்க்கப் போன மனுஷன் ஒரு வண்டியை வாங்கிவிட்டார். மெஷின் வந்த கன்டெய்னரிலேயே அதுவும் வந்தது. அதற்கு நம்பர் வாங்க அவர் அலைந்த அலைச்சலை எழுதினால் இந்தப் பத்திரிகை தாங்காது.

கம்பெனியின் பெயர் சிவெத்தா. அவர்கள் பாஷையில் சின்ன ஆந்தை என்று அர்த்தம். டேங்கின் மேல் வட்டக் கண்ணோடு ஒரு ஆந்தைப் படமும் இருந்தது. அதைப் பார்த்த என் மாமியாருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"ஊட்டுக்குள்ள ஆந்தையக் கொண்டாந்து நிறுத்தறியே, உனக்குப் புத்தி இருக்குதாடா?"

மறுநாள் பார்த்தால் ஆந்தையின் மேல் சிவன்மலை முருகன் கோயிலில் வாங்கிய மயில் ஸ்டிக்கர். அவர் அதைக் கிழிக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டார். ஆனாலும் எங்கள் வீதியில் அது கடைசிவரை ஆந்தை வண்டிதான்.

விநோதமான வண்டி. டேங்க் மாதிரி தெரிவது டேங்க் இல்லை; மூடியைத் திறந்தால் காலிப் பெட்டி. பெட்ரோல் சீட்டுக்கு அடியில். இன்ஜின் ஆயில், வண்டியின் சட்டக் குழாய்க்குள்ளேயே ஓடும். பின்சக்கரத்தை ஒரே பக்கத்தில் பிடித்திருப்பார்கள். ஒரு நட்டைக் கழற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல் அந்த முன்சக்கரம். பின்சக்கரத்தைப் பிடித்திருப்பது போலவே முன்சக்கரத்தையும் கிடைமட்டமாக ஒரு இரும்புக் கை பிடித்திருக்கும். திரும்புகிற வேலையெல்லாம் சக்கரத்தின் குடத்துக்குள் நடக்கும். ஹேண்டிலில் இருந்து நீளமான ராடு ஒன்று போய் அதைத் திருப்பும். பிரேக் பிடித்தால் மற்ற வண்டிகள் மூக்கைக் குத்திக்கொண்டு முன்னால் சாயுமே, இது சாயாது.

கெட்ட குணம் ஒன்றும் இருந்தது. குழியில் இறங்கினால் இடது பக்கம் இழுக்கும்; எங்கள் ரோட்டில் குழி இல்லாத இடம் ஏது? ஏன் என்று இங்கே எந்த மெக்கானிக்குக்கும் தெரியவில்லை. அவர் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உடுமலை ரோட்டில் போய், காற்றாலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். அந்த ஒரு வேளைதான் அவர் முகத்தில் கம்பெனிக் கவலை இருக்காது.

ப்ரூனோவும் ஜான்னியும்

பெட்டியில் உட்கார்ந்த ப்ரூனோ அன்று மத்தியானம்தான் வாயைத் திறந்தார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இருந்துகொண்டு எனக்குச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்த இவருக்கு, என் வீட்டுக்காரருக்குச் சொன்னேன்.

ப்ரூனோவும் ஜான்னியும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். கடலோரத்துச் சின்ன ஊர். அக்கார்டியன் செய்துகொண்டிருந்த பழைய ஷெட் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். எத்தனை தடவை கூட்டினாலும் தரைப் பிளவுகளில் இருந்து அந்த வாத்தியத்தின் சின்னச் சின்ன உலோக நாக்குகள் வந்துகொண்டே இருந்தனவாம். வரைவது ப்ரூனோ. சாமான் வாங்குவது, பூட்டுவது, விற்பது ஜான்னி. இன்ஜினை மட்டும் வெளியே வாங்கினார்கள். மற்றதெல்லாம் ப்ரூனோவின் தலையில் இருந்து வந்தது.

முதல் வண்டியைக் கண்காட்சியில் வைத்தபோது கூட்டம் தாங்கவில்லை. பெரிய கம்பெனிக்காரர்கள் குனிந்து குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார்கள். "அந்த ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை" என்றார் ப்ரூனோ.

பிறகு விற்பனைக்கு வண்டிகள் வந்தன. பத்திரிகைக்காரர் ஒருவர் ஓட்டிப் பார்த்து, மேடுபள்ளத்தில் தானாகத் திரும்புகிறது என்று எழுதினார். இன்னொருவர் கீழே விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டார். வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். சில வருஷத்துக்குள் கம்பெனி போயிற்று.

"எதனால் அப்படி இழுத்தது?" என்று இவர் கேட்கச் சொன்னார்.

ப்ரூனோ தயங்கவே இல்லை. "ஜான்னியால். ராடின் முனையில் சுழல்கிற மூட்டு, பால் ஜாயின்ட், அதை ஒசத்தியானதாகப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அவன் மலிவானதை வாங்கிப் போட்டான். ஆட்டம் கொடுத்தது. கேட்டபோது இல்லையென்று சொல்லவும் இல்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதுவே போதாதா?"

அந்த ஊர் முழுக்க அதைச் சொல்லிவிட்டார். ஜான்னியை நம்பி யாரும் வேலை கொடுக்கவில்லை. அவன் பெண்டாட்டி ஊருக்குப் போய் டயர்க் கடை வைத்தான். அதோடு பேச்சு முறிந்தது. ப்ரூனோ அதற்குப் பிறகு எதையும் வரையவில்லை. யாரோ வரைந்த மெஷினைப் பூட்டவும் கழற்றவும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார்.

எனக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பார்ட்னர்கள் சண்டை போட்டுப் பிரிந்த கம்பெனிகள் எங்கள் ஊரில் சந்துக்குச் சந்து உண்டு. ஒரே போர்டை இரண்டாக அறுத்துக்கொண்டு போனவர்களைக்கூட எனக்குத் தெரியும்.

இவர் மட்டும் கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தார். அப்புறம் சொன்னார்: "அந்த ஜாயின்டக் கழட்டிப் பாத்துரலாமுங்க. என்ற வண்டிதானே, கழட்டுங்க."

நான் இங்கிலீஷில் சொன்னேன்.

"சரிங்க" என்றார் ப்ரூனோ.

நூல்

மெஷின் வேலை முடிகிற நாட்கள் அவை. ஒவ்வொரு மெஷினாக லாரி ஏற, ஹால் அகலமாகிக்கொண்டே போனது. காலியான இடத்தில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

முதலில் ஸ்பிரிங்கைக் கழற்றினார்கள். அதைக் கையில் எடுத்ததும் ப்ரூனோ முகத்தைச் சுளித்தார். அது அவர் வரைந்தது இல்லையாம். விற்பனை ஆரம்பித்த கொஞ்ச நாளில் ஜான்னி தானாகவே கெட்டியான ஸ்பிரிங் செய்து, கையிருப்பு வண்டிகளில் பூட்டி, வாங்கினவர்களுக்கெல்லாம் அனுப்பி மாற்றச் சொல்லியிருக்கிறான். "என் வண்டியை மாட்டு வண்டி ஆக்கிவிட்டான்" என்றார்.

அடுத்து ராடின் இரண்டு முனையிலும் இருந்த பால் ஜாயின்ட். அந்தோணி துணியால் துடைத்துக் கொடுத்தான். ப்ரூனோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் ஏதோ எழுத்து பொறித்திருந்தது. திருப்பிப் பார்த்தார். இன்னொன்றையும் வாங்கிப் பார்த்தார். விரலால் ஆட்டிப் பார்த்தார். இத்தனை வருஷம் ஓடியும் ஆட்டம் இல்லை.

"என்னங்க?" என்றேன்.

"நான் எழுதிக் கொடுத்ததுதான்" என்றார். "அதே ஜாயின்ட்."

வெளியே லாரிக்காரர்கள் இந்தியில் ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

ப்ரூனோ ஜாயின்ட்களைத் திரும்பப் பூட்டினார். ஸ்பிரிங்கை மட்டும் பூட்டவில்லை. ஒரு கோனில் இருந்து வெள்ளை நூலை இழுத்து, சக்கரத்தின் பின் விளிம்பில் கட்டி, பக்கவாட்டில் ஒட்டி முன் விளிம்பைத் தொட்டுக்கொண்டு எதிர்ச் சுவர் வரை கொண்டுபோய் என்னைப் பிடிக்கச் சொன்னார். நூல் விறைப்பாக நின்ற இடத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். ஹேண்டிலை அசையாமல் கட்டிவிட்டார். பிறகு அந்தோணியிடம் சைகை காட்டினார். அவன் ஜாக்கியால் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கினான். குழியில் இறங்கி அதன் விளிம்பில் மோதும்போது சக்கரம் அப்படித்தான் மேலே ஏறும்.

சக்கரத்தை ஒட்டியே நூலைப் பிடிக்க வேண்டும் என்பதால் என் கை இடது பக்கம் நகர்ந்தது. இன்னும் நகர்ந்தது. பென்சில் கோட்டை விட்டு நூல் ஒரு சாண் தள்ளி நின்றது.

ஹேண்டிலை யாரும் தொடவில்லை. சக்கரம் தானாகத் திரும்பியிருந்தது.

"மறுபடி" என்றார். இறக்கி மறுபடி தூக்கினார்கள். அதேதான். மூன்றாம் தடவை அவரே ஜாக்கியை வாங்கித் தூக்கினார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். சக்கரம் மேலே ஏறும்போது அதைப் பிடித்திருக்கும் கை ஒரு வட்டத்தில் போகும். திருப்புகிற ராடு இன்னொரு வட்டத்தில் போகும். இரண்டும் ஒத்துப்போனால் சக்கரம் நேராக நிற்கும். ஒத்துப்போகாவிட்டால் ராடு சக்கரத்தை இழுத்துவிடும். முதல் வண்டியில் ஒத்துப்போனது. விற்பனை வண்டிக்கு ரேடியேட்டர் பெரிதாக வேண்டியிருந்தது, இடம் போதவில்லை. ராடு பூட்டும் இடத்தை ஒரு விரல் அளவு மேலே தள்ளி வரைந்தார் ப்ரூனோ. ஒரு விரல்தானே என்று விட்டுவிட்டார்.

"அப்ப அந்த ஜான்னி தப்பே பண்ணலீங்களா?" என்று இவர் என்னிடம் கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவசியமிருக்கவில்லை.

அந்தோணி என் காதருகே வந்தான். "எக்கா, அவருக்கு ஒரு மாதிரி இருக்கு பாத்துக்கிடுங்க. கொஞ்சம் தண்ணி குடுப்போமா?"

ஒரு போன்

மறுநாள் டீ நேரம் வரைக்கும் ப்ரூனோ மெஷின் வேலைதான் பார்த்தார். வண்டியின் பக்கமே திரும்பவில்லை. டீ வந்ததும் என்னிடம் வந்து, தனியாக ஒரு போன் பேச வேண்டும் என்றார். ஆபீஸ் ரூமைக் காட்டினேன். மேஜை நாற்காலியெல்லாம் போய்விட்டிருந்தது. ஜன்னல் திண்டில் உட்கார்ந்தார். ஜான்னியின் நம்பர் அவரிடம் இல்லை. டயர்க் கடையின் நம்பரை இன்டர்நெட்டில் தேடி எடுத்திருந்தார்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேரும் வேலை இருப்பது போல் நின்றோம். முதலில் ப்ரூனோ தன் பெயரைச் சொன்னது கேட்டது. அப்புறம் நெடுநேரம் அவரே பேசினார். சுவரைப் பார்த்தே பேசினார். ஒரு கையை மட்டும் மேலும் கீழும் அசைத்தார், சக்கரம் ஏறி இறங்குவது போல. பேசி முடித்தார். போனைக் காதில் இருந்து எடுத்து, லைன் இருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி காதில் வைத்தார்.

அப்புறம் அந்தப் பக்கத்தில் இருந்து ஏதோ சொல்லப்பட்டது. ப்ரூனோ கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்தவர் என்னிடம் நேராகச் சொன்னார்: "அவனுக்குத் தெரியுமாம்."

எனக்குப் புரியவில்லை.

"அப்போதே தெரியுமாம். பத்திரிகையில் எழுதினார்களே, அந்த வாரமே அவன் தனியாக ஸ்பிரிங்கைக் கழற்றிச் சோதித்துப் பார்த்துவிட்டான். மாற்ற வேண்டுமென்றால் பாகங்களை வார்க்கிற அச்சையே புதிதாகச் செய்ய வேண்டும். அதற்கு எங்களுக்கு வழியில்லை. சக்கரம் அதிகம் ஏறினால்தானே திரும்பும், அதிகம் ஏறாமல் இருக்கட்டும் என்றுதான் கெட்டி ஸ்பிரிங் அனுப்பியிருக்கிறான்."

"உங்களிடம் ஏன் சொல்லவில்லையாம்?"

ப்ரூனோ கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் அதைத்தான் கேட்டேன். 'சொல்லியிருந்தால் நீ அதற்குப் பிறகு எதையும் வரைந்திருக்க மாட்டாய்' என்கிறான்."

அவர் சிரிக்க முயன்றார். வரவில்லை.

இவரிடம் சொன்னேன். இவர் ப்ரூனோவின் முதுகில் கையை வைத்தார். கல்யாண வீட்டில்கூட யார் தோளிலும் கை போடாத மனுஷன்.

நேரான வண்டி

அடுத்த நாள் ப்ரூனோ ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் வரைந்தார். ராடு பூட்டும் இடத்தை ஒரு விரல் கீழே இறக்கும் பட்டை. ரேடியேட்டரை முன்னால் தள்ளி நிறுத்த இன்னொன்று. ஒரு வண்டிக்கு என்றால் ஒரு நாள் வேலைதான். அந்தோணி அதைப் பக்கத்து லேத் பட்டறையில் கொடுத்துச் செய்துகொண்டு வந்தான். பூட்டினார்கள். மறுபடி நான் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சக்கரம் ஏறியது, இறங்கியது. நூல் பென்சில் கோட்டை விட்டு அசையவில்லை.

"ஓட்டிப் பாருங்கன்னு சொல்லு சரசு" என்றார் இவர்.

ப்ரூனோ தலையாட்டி மறுத்துவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு கடைசி மெஷினைக் கழற்றப் போனார். கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டபோது, ஜான்னியைப் பார்க்கப் போவீர்களா என்று கேட்டேன். சரிங்க என்றார். அது ஆமாமா, என்னை விடுங்கள் என்பதா, தெரியவில்லை.

போனார். கொஞ்ச நாள் கழித்து, ஜான்னியைப் போய்ப் பார்த்ததாக எழுதியிருந்தார். ஜான்னிக்குக் காது சரியாகக் கேட்பதில்லையாம். போனில் சொன்னதில் பாதியை அங்கே நேரில் மறுபடி கத்திச் சொல்ல வேண்டியிருந்ததாம். டயர் மாற்ற வந்தவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்களாம். 'பரவாயில்லை, நான் அவனைப் பற்றிச் சொன்னதையும் எல்லோரும்தான் கேட்டார்கள்' என்று முடித்திருந்தார்.

சாவியை ஒப்படைக்கிற நாள் காலையில் ஹாலைக் கூட்ட வைத்துவிட்டு நானும் இவரும் கடைசியாக ஒரு தடவை சுற்றி வந்தோம். மெஷின்கள் நின்ற இடமெல்லாம் தரையில் வட்ட வட்டமாக எண்ணெய்க் கறை. அவ்வளவு பெரிய இடத்திலா இத்தனை வருஷம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம் என்று தோன்றியது. இவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். சத்தம் சுவருக்குச் சுவர் மோதியது.

ஹாலின் ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு ஓட்டினார். வண்டி வலது பக்கம் சாய்ந்து சாய்ந்து போனது. திரும்பி வந்தார். அப்போதும் வலது பக்கம். மறுபடி போனார். தூணில் மோதப் பார்த்து, பிரேக் பிடித்து நிறுத்தினார்.

நான் ஓடினேன். "ஏனுங்க, மறுபடியும் இழுக்குதுங்களா?"

அவர் இன்ஜினை அணைத்தார். இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, ஹேண்டிலைப் பிடித்திருந்த தன் கைகளையே பார்த்தார்.

"வண்டி இழுக்கல சரசு. நான்தான் இழுக்கறேன். இத்தன வருசமா அது இடது பக்கம் இழுக்க இழுக்க நான் வலது பக்கம் இழுத்துப் புடிச்சே ஓட்டிட்டேன். இப்ப நேராப் போற வண்டிய எனக்கு ஓட்டத் தெரியலையே."